ஓங்கி அடிப்பதா, மெல்லத் தட்டுவதா?



கரம் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள் சிரித்தாள். “அம்மா, யுத்தத்துல பாதிக்கப்பட்ட பொம்பளைங்க வாசிக்கிற புத்தகத்துல கரம் போர்ட்டைப் பத்தியா எழுதப் போறீங்க?” என்று கேட்டாள். ஆம், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எமது துயரங்களை எழுதப் பலர் இருக்கிறார்கள். எமது பொழுதுபோக்கைப் பற்றி எழுத ஆளில்லை. அத்தோடு, இந்தப் பலகையில் நான் கற்ற ஒரு பாடம் பலகைக்கு வெளியிலும் எனக்கு உதவியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். நமுனுகுல மலை எங்கள் லயத்துக்கு நேரே தெரியும். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அப்படிப் போய்க் கிளிநொச்சி தருமபுரத்தில் குடியேறிய ஒரு குடும்பத்துக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். 2009இல் எல்லாம் முடிந்தபோது கணவர் எங்களோடு இல்லை. எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஷெல் துண்டு பட்டு என் வலது கைச் சுட்டுவிரலின் மேற்பாதி போய்விட்டது. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணனின் லயத்துக்குத் திரும்பி வந்தேன்.

ஒரே காம்பராவில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். இரவில் எனக்குத் தூக்கம் வராது. இஸ்தோப்பில் அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும் மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் பலகையை வைத்துக் கரம் அடிப்பார்கள். அந்த ‘டக், டக்’ சத்தம் முதலில் என்னை நடுங்க வைத்தது. பிறகு பழகிவிட்டது. ஒருநாள் ஆள் குறைந்தது. “தங்கச்சி, வந்து உக்காரு” என்றார் அண்ணன். “பொம்பளைக்கு என்ன கரம்?” என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

பலகையின் கணக்கு

தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். சர்வதேச விதிப்படி பலகையின் விளையாடும் பரப்பு ஒரு பக்கம் ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர் கொண்ட சதுரம். நான்கு மூலையிலும் நான்கு குழிகள். வெள்ளைக் காய் 9, கறுப்புக் காய் 9, நடுவில் சிவப்பு நிற ராணி ஒன்று. ஆக 19 காய்கள். அடிக்கும் பெரிய காயை நாங்கள் ‘டிஸ்க்’ என்போம். சில இடங்களில் ‘ஸ்ட்ரைக்கர்’ என்பார்கள். அதை விரலால் சுண்ட வேண்டும், தள்ளக்கூடாது. டிஸ்க் குழியில் விழுந்தால் தப்பாட்டம். போட்ட காய் ஒன்றைத் திரும்ப நடுவில் வைக்க வேண்டும். ராணியைப் போட்டவர், அடுத்த அடியிலேயே தன்னுடைய காய் ஒன்றையும் போட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ராணி நடுவுக்குத் திரும்பிவிடும்.

குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். காயின் விட்டம் 3 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம்தான் இடைவெளி. டிஸ்க்கின் நிறை 15 கிராம் வரை இருக்கலாம், காயின் நிறையோ 5 கிராமுக்குச் சற்று மேல். ஏறத்தாழ மூன்று மடங்கு பாரமான ஒன்றால் சின்னக் காயை அடிக்கிறோம். ஆகவே நாம் நினைப்பதைவிடக் குறைந்த பலமே போதும். அதுமட்டுமல்ல. வழுக்கிச் செல்லும் பொருளின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், அது ஓடும் தூரம் நான்கு மடங்காகும். “கொஞ்சம் கூட அடிச்சிட்டேன்” என்று நாம் நினைக்கும் அடி, காயைப் பலகை முழுதும் அலைய விட்டுவிடுவது இதனால்தான்.

எனக்குத் தெரிந்தது ஓர் அடிதான்

ஆரம்பத்தில் நான் எல்லாக் காயையும் ஓங்கித்தான் அடித்தேன். சுட்டுவிரல் இல்லாததால் நடுவிரலைப் பெருவிரலில் கொளுவிச் சுண்டுவேன். விரலில் பலம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம். மனதுக்குள் கிடந்த கோபம் மறுபக்கம். காய் குழியின் விளிம்பில் பட்டு உதைத்துத் திரும்பி வரும். டிஸ்க் பின்னாலேயே போய்க் குழிக்குள் விழும். எதிராளியின் காய்கள் அவர்களுக்கு வசதியாகச் சிதறிப் போய் நிற்கும்.

அண்ணன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சொன்னார்: “கவ்வாத்துக் கத்திய மெதுவா போட்டா பட்டை கிழியும், செடி அழுகிப் போயிரும். அங்க ஒரே வெட்டா வெட்டணும். கொழுந்த வெடுக்குனு புடுங்கினா இலை நசுங்கும். அங்க மெதுவாத்தான் கிள்ளணும். ரெண்டும் அதே செடிதான் தங்கச்சி.”

அப்போது நானும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். சுட்டுவிரலுக்குப் பதிலாக நடுவிரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிப் பழகிய கைதான் என்னுடையது. அந்த மென்மை என் விரலில் ஏற்கெனவே இருந்தது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

எப்போது மெல்ல?

மெல்லத் தட்டிய காய் குழியின் விளிம்பில் பட்டாலும் பெரும்பாலும் உள்ளே சரிந்து விழும். வேகமாக வந்த காய் அதே விளிம்பில் பட்டால் துள்ளி வெளியேறும். அதாவது மெல்லத் தட்டுபவளுக்குக் குழி சற்றுப் பெரிதாகிறது. ஆகவே காய் குழிக்கு அருகில் நேராக நின்றால் மெல்லத் தட்டுவதே நல்லது. காயின் ஓரத்தை மட்டும் தொட்டுத் திருப்ப வேண்டிய அடியும் அப்படியே. ராணியைப் போட்டபின் உறுதிக்குப் போடவேண்டிய காய் அருகில் இருந்தால் அதற்கும் மென்மைதான்.

இன்னுமொரு காரணமும் உண்டு. மெல்லத் தட்டிய காய் விழாமல் போனால், அது குழியின் வாயிலிலேயே நின்றுவிடும். அடுத்த முறை நமக்கு அது சுலபம். அதுவரை எதிராளியின் காய் அந்தக் குழிக்குப் போகும் வழியையும் அது மறித்துக்கொண்டு நிற்கும். எதிராளி அதைத் தவறிப் போட்டாலும் கணக்கு நமக்கே.

எப்போது ஓங்கி?

நடுவில் காய்கள் ஒட்டிக் குவிந்து கிடக்கும்போது மெல்லத் தட்டினால் ஒன்றும் அசையாது. அங்கே உடைக்கத்தான் வேண்டும். காய் நமது கோட்டுக்குப் பின்னால் நின்றால், டிஸ்க் எதிர் விளிம்பில் மோதித் திரும்பி வந்து அதை அடிக்க வேண்டும். அதற்கும் பலம் வேண்டும். எதிராளிக்கு இன்னும் ஒரே காய்தான், நமக்கு வேறு வழியில்லை என்றால் துணிந்து அடிப்பதில் தவறில்லை.

காலநிலையும் இதில் சேரும். எங்கள் ஊவாப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனிச் சுவை வருவது அந்தக் காற்றால்தான் என்பார்கள். அப்போது பலகை காய்ந்து கண்ணாடி போல இருக்கும். தொட்டாலே காய் ஓடும். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை. நமுனுகுல மலையே மறைந்து போகும்படி பனிமூட்டம் வரும். பலகை ஈரத்தை உறிஞ்சும், பவுடர் கட்டிபடும். கோடையில் குழிக்குள் விழுந்த அதே அடி, மாரியில் பாதிவழியில் நின்றுவிடும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் டிஸ்க்கை ஒருமுறை வெறுமனே விட்டுப் பார்த்துப் பலகையின் அன்றைய குணத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

தோற்ற கதை

2014ஆம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டிப் பசறையில் ஒரு சிறு கரம் போட்டி வைத்தார்கள். பல தோட்டங்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். எனக்கு இணை, பக்கத்து லயத்து அக்கா. எங்களைவிட மூத்தவர், இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவர்.

கடைசிப் பலகை. நான் ராணியைப் போட்டுவிட்டேன். எங்களுக்கு மிச்சம் ஒரே வெள்ளைக் காய். அது இடது பக்கச் சட்டத்தோடு ஒட்டி, குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. எதிராளிக்கு இரண்டு கறுப்புக் காய்கள், இரண்டும் அதே குழியை நோக்கிய வழியில். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “விரல் இல்லாத கைதானே, என்னத்த அடிக்கப் போகுது.”

நான் ஓங்கி அடித்தேன். காய் சட்டத்தோடு விரைந்து போய்க் குழியின் விளிம்பில் மோதி, பலகையின் நடுவுக்கே திரும்பி வந்தது. ராணியும் நடுவுக்குப் போனது. கறுப்புக் காய்களின் வழி திறந்து கிடந்தது. எதிராளிகள் ராணியையும் அந்த இரண்டு காய்களையும் போட்டு முடித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அண்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அடிக்கிறதுக்கு முன்ன, தப்பினா என்ன மிஞ்சும்னு பார்த்தியா?”

நான் பார்க்கவில்லை. விழுந்தால் என்ன கிடைக்கும் என்று மட்டுமே பார்த்தேன். உண்மையில் நான் அந்தக் காயை அடிக்கவும் இல்லை. பின்னாலிருந்து வந்த குரலைத்தான் அடித்தேன்.

அடுத்த வருடம்

அதன்பின் ஒவ்வொரு அடிக்கு முன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினேன். 2015இல் அதே போட்டிக்கு நானும் அக்காவும் மறுபடி போனோம். அரையிறுதியில் ஏறக்குறைய அதே நிலைமை வந்தது. ராணியைப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி, சட்டத்தின் ஓரமாக. ஓங்கி அடித்துத் தப்பினால் எல்லாம் திறந்துவிடும். மெல்லத் தட்டித் தப்பினால், ராணி நடுவுக்குப் போகும், ஆனால் காய் குழியின் வாயிலில் நிற்கும்.

மெல்லத் தட்டினேன். அரை விரல் தூரத்தில் காய் நின்றுவிட்டது. கூட்டத்தில் ‘அடச்சீ’ என்றார்கள். ராணி நடுவுக்குப் போனது. எதிராளி அடித்த கறுப்புக் காய் எங்கள் காயில் முட்டி ஒதுங்கியது. அடுத்து அக்காவின் முறை. ராணியை எதிர்மூலையில் போட்டார். பிறகு வாயிலில் நின்ற வெள்ளைக் காயை, கொழுந்து கிள்ளுவதைப் போல ஒரு தொடு. அது விழுந்தது.

இறுதி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். எதிராளிகள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். இரண்டாம் பரிசாக ஆளுக்கொரு பிளாஸ்ரிக் வாளி கிடைத்தது. அந்த வாளி இன்றும் பீலிக்கரையில் எனக்கு உதவுகிறது.

பெரிய மேடைகளிலும்

கரம் ஆண்களின் விளையாட்டு என்பவர்களுக்கு ஒரு செய்தி. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்றார். பெண்களில், அதே நகரின் வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்ற காசிமா, சென்னையில் ஓட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். எமது நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் ஆண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு பெண்கள் பட்டம் இந்தியாவின் ரஷ்மி குமாரிக்குக் கிடைத்தது.

ஓங்கியா, மெல்லவா என்ற கேள்வி கரத்துக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் இருக்கும் என் நாத்தனாரின் மகள் ‘பிக்கிள்போல்’ என்றொரு விளையாட்டை ஆடுகிறாள். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கியதாம். சிறிய மட்டையால் துளையுள்ள பிளாஸ்ரிக் பந்தை வலைக்கு மேலாக அடிக்க வேண்டும். வலையின் இரு பக்கமும் 7 அடிக்கு ஒரு பகுதி உண்டு. அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக்கூடாது. அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘சமையலறை’! ஓங்கி அடிக்க எவருக்கும் சீக்கிரம் வந்துவிடுமாம். அந்தச் சமையலறைக்குள் பந்தை மெல்ல இறக்கிவிடத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டுமாம். “அத்தை, எதிர்ப்பக்கம் பந்து உயர வந்தா மட்டும்தான் நாங்க ஓங்கி அடிப்போம், அதுவரைக்கும் பொறுமைதான்” என்றாள். எங்கள் இஸ்தோப்பில் அண்ணன் சொன்னதும் அதுதானே!

பலகைக்கு வெளியே

இனிச் சொல்லப் போவதைச் சொல்லலாமா என்று நெடுநேரம் யோசித்தேன்.

கணவர் காணாமற்போனபின் நான் ஏறாத அலுவலகம் இல்லை. மகளின் பாடசாலைக் காரியம், வங்கிக் கணக்கு, தருமபுரத்துக் காணி எல்லாவற்றுக்கும் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். ஓர் இடத்தில், “செத்துப் போனதாக எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும்” என்றார்கள். நான் மேசையில் அடித்துச் சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு இரண்டு வருடம் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. ஒருமுறை ஓங்கி அடித்தேன், பிறகு அடிக்காமலே இருந்தேன். இரண்டிலும் எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. அது என் கோபத்தின் குற்றமல்ல. கோபப்பட எனக்கு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

2016இல் சட்டம் ஒன்று திருத்தப்பட்டது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் பெறலாம் என்று வந்தது. அதைக்கொண்டு நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் காரியத்தைப் பார்க்கலாம். இதைக் கேள்விப்பட்டதும் அண்ணனின் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேட்டுக் கிடைக்காவிட்டால் நான் இழப்பது என்ன? ஒன்றுமில்லை. கிடைத்தால்? அவரைத் தேடும் உரிமையும் என்னிடமே இருக்கும், மகளின் காரியமும் நடக்கும். 2017இல் அமைதியாகப் போய் விண்ணப்பித்தேன். பலமுறை நடந்தபின் கிடைத்தது.

அது நீதி அல்ல. என் கேள்விக்குப் பதிலும் அல்ல. காய் குழியில் விழவில்லை, வாயிலில் நிற்கிறது. ஆனால் பலகையை விட்டுப் போகவில்லை. ஓங்கிக் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. வீதியோரம் அமர்ந்து பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ஓங்கித்தான் கேட்கிறார்கள். குவிந்து இறுகிக் கிடப்பது மெல்லத் தட்டினால் அசையாது. எது எந்த இடம் என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும். வேறொருவர் பின்னாலிருந்து சொல்வதைக் கேட்டு அடிக்கக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நீங்களும் தொடங்கலாம்

ஒரு பலகை, நான்கு பெண்கள், ஒரு மின்குமிழ் போதும். எழுந்து ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்தே ஆடுவதால், காலை இழந்த சகோதரிகளும் சமமாக ஆடலாம். எங்கள் லயத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறோம். பழகுவதற்கு மூன்று பயிற்சிகள்:

1. டிஸ்க்கை மட்டும் சுண்டுங்கள். அது எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பி, உங்கள் கோட்டிலேயே வந்து நிற்க வேண்டும். பலத்தை அளக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

2. குழியிலிருந்து நான்கு விரல் தூரத்தில் ஒரு காயை வையுங்கள். காய் விழ வேண்டும், டிஸ்க் விழக்கூடாது. பத்து முறை அடித்துக் கணக்கு வையுங்கள்.

3. ஒரே காயை ஒருமுறை ஓங்கியும் ஒருமுறை மெல்லவும் அடியுங்கள். தப்பும்போது பலகையில் என்ன மிஞ்சுகிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

பலகையை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள், ஆனால் அடுப்புக்கு அருகில் வேண்டாம். போரிக் பவுடரைப் பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

என் மகள் இப்போது ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். ஞாயிறு மாலையில் அவளும் வந்து உட்காருவாள். இன்னமும் எல்லாவற்றையும் ஓங்கித்தான் அடிக்கிறாள். காய் துள்ளித் திரும்பும்போது என்னைப் பார்ப்பாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பவுடரைக் கொஞ்சம் தூவிவிட்டு, “மறுபடி அடி” என்பேன்.